குளிசை குடித்தும் எச்பி ஏறவில்லையா?

மட்டக்களப்பில் படுவான்கரையிலும் சரி, எழுவான்கரையிலும் சரி, கர்ப்பிணிகள் கிளினிக் வாங்கில் இருந்து தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் சந்தேகங்கள் இவை.

முதல் பரிசோதனையில் 12 இருந்த எச்பி (ஹீமோகுளோபின்), ஆறாம் மாதத்தில் 10.8. நான் ஒழுங்காகத்தானே சாப்பிடுகிறேன்?

பயப்பட வேண்டாம். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு கூடும். செவ்வணுக்கள் அந்தளவுக்குக் கூடுவதில்லை. அதனால் எண் இறங்கும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி முதல் மூன்று மாதமும் கடைசி மூன்று மாதமும் 11க்குக் கீழே, நடுவில் 10.5க்குக் கீழே போனால்தான் குருதிச்சோகை. 7க்குக் கீழே என்றால் தாமதிக்காமல் வைத்தியசாலை.

இரும்புக் குளிசை குடித்தால் பிள்ளை பெருத்து ஒபரேஷன் ஆகிவிடுமாமே? பிள்ளை கறுக்குமாமே?

இரண்டும் பொய். கறுப்பது உங்கள் மலம் மட்டுமே, அதில் ஆபத்தில்லை. இந்தப் பேச்சை நம்பிச் சிலர், கிளினிக்கில் கொடுத்த உறையைப் பிரிக்காமலே அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். மனதை உறுத்தும் விஷயம் இது. சோகையுள்ள தாய்க்குப் பிரசவத்தில் இரத்தம் கூடுதலாகப் போனால் தாங்கும் சக்தி குறைவு. உயிரே போகலாம்.

தவறாமல் குடிக்கிறேன், இருந்தும் ஏறவில்லையே?

எதோடு குடிக்கிறீர்கள் என்று பாருங்கள். சோறு தின்றதும் தேத்தண்ணி குடிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். தேயிலைச் சாயம் இரும்பு உடலில் சேராமல் தடுத்துவிடும். சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி வேண்டாம். கல்சியமும் அப்படித்தான், அதைப் பகலில் சாப்பாட்டோடு குடியுங்கள். இரும்புக் குளிசையை, கிளினிக்கில் தரும் விற்றமின் சியோடு இரவு படுக்கப் போகும்போது குடித்தால் குமட்டலும் குறையும்.

இப்படிக் குடித்தும் ஒரு மாதத்தில் 1 கிராமளவு ஏறாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம். கொழுக்கிப்புழுவாக இருக்கலாம், பூச்சிக் குளிசையை முதல் மூன்று மாதம் கழித்து கிளினிக்கில் தருவார்கள். தலசீமியா எனும் பரம்பரை இரத்தநோயின் காவியாகவும் நீங்கள் இருக்கலாம். அதற்குத் தனி இரத்தப் பரிசோதனை வேண்டும், கணவருக்கும் சேர்த்து.

பீட்ரூட்டும் மாதுளையும் போதாதா?

சிவப்பு நிறம் இரும்பாகாது. ஒரு கர்ப்பகாலம் முழுவதற்கும் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவால் மட்டும் அதை எட்டுவது கடினம். ஆனாலும் முருங்கையிலைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்து, வாவி மீன் கறியோடு தின்னுங்கள். கீரையின் இரும்பு உடலில் சேர மீனும் புளிப்பும் உதவும்.

பிள்ளை பிறந்ததும் நிறுத்தலாமா?

கூடாது. பிரசவத்தில் போன இரத்தம் ஊற வேண்டும். வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் குளிசையைக் கேட்டு வாங்குங்கள்.