பழைய ஸ்போர்ட்ஸ் காரில் குளிர் காற்று
கியாஸ் ஏற்றினால் மட்டும் போதுமா?

பார்த்தால் பளபளப்பு. ஓட்டினால் சிறுத்தைப் பாய்ச்சல். ஆனால் உள்ளே உட்கார்ந்தால் சட்டை நனைந்துவிடும்!

1970, 80-களில் தயாரான வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றின் கதை இதுதான். என்ஜினைப் பிரித்து மாட்டி, பெயிண்ட் அடித்து, புது மாப்பிள்ளை போல நிறுத்திவிடுகிறார்கள். ஏர்கண்டிஷன் மட்டும் காற்று வீசுகிறதே தவிர, குளிர்வது இல்லை. "கியாஸ் போட்டால் சரியாகிவிடும்" என்று போடுகிறார்கள். ஒரு கோடைக்குக்கூட அது தாங்குவது இல்லை. இரண்டு, மூன்று முறை இப்படிச் செலவு செய்தபிறகு, கம்ப்ரசரே சிக்கிக்கொள்கிறது. பழி, கடைசியாகத் தொட்ட மெக்கானிக் மீது விழுகிறது.

இது ஏன்? ஜெர்மனியின் புகழ் பெற்ற "போர்ஷே 911" காரையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

முன்னும் பின்னும்

இந்தக் கார் 1963-ம் ஆண்டு பிராங்க்பர்ட் கண்காட்சியில் அறிமுகம் ஆனது. 1998-ம் ஆண்டு வரை, ரேடியேட்டரும் தண்ணீரும் இல்லாமல், காற்றாலேயே குளிரும் என்ஜினுடன் விற்பனைக்கு வந்தது. அம்பாசிடர், பியட் கார்களில் என்ஜின் முன்னால் இருக்கும். இதில் பின்னால்.

தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. என்ஜினோடு சேர்ந்து ஓடவேண்டிய கம்ப்ரசர் பின்னால் இருக்கிறது. காற்றைக் குளிர வைக்கும் "கூலிங் காயில்" முன்னால் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ்கள் காரின் நீளம் முழுவதும் ஓடுகின்றன. 80-களில் வந்த கார்களில் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரும் ஒன்று முன்புறம், ஒன்று பின்புற என்ஜின் மூடியில் என்று பிரித்து வைக்கப்பட்டது. டிராபிக்கில் கார் நின்றால், கீழே இருக்கும் என்ஜினின் சூடு பின்புறக் கண்டன்சரையும் தாக்கும்.

குளிர் எப்படி வருகிறது?

ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவுவார். ஜில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது கையின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதுதான் காரணம்.

ஏ.சி.யில் நடப்பதும் அதுவே. கம்ப்ரசர் கியாசை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. கண்டன்சரில் அது சூட்டை இழந்து திரவம் ஆகிறது. "டிரையர்" என்ற டப்பாவைக் கடந்து, "எக்ஸ்பான்ஷன் வால்வு" என்ற குறுகிய வாசல் வழியாகக் கூலிங் காயிலுக்குள் நுழைகிறது. அங்கே கொதித்து ஆவியாகி, காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சுகிறது. பிறகு மறுபடியும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது.

வீட்டு பிரிட்ஜில் இதே வேலை பல ஆண்டுகள் கியாஸ் குறையாமல் நடக்கிறது. அங்கே மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். குழாய்கள் பற்றவைக்கப்பட்டிருக்கும். காரில் அப்படி முடியாது. என்ஜின் பெல்ட்டால் ஓடுவதால் கம்ப்ரசரின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். அந்த இடத்தை அடைப்பது ஒரு சீல் மட்டுமே. என்ஜின் ஆடுவதால் ரப்பர் ஹோஸ்தான் போடவேண்டும். பழைய ரப்பரின் சுவர் வழியாகவே கியாஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஹோஸ் நீளமாக இருந்தால் கசிவும் அதிகம்.

காரை மாதக் கணக்கில் ஷெட்டில் பூட்டி வைத்தால் சீல் காய்ந்துவிடும். குளிர் காலத்திலும் வாரம் ஒரு முறை பத்து நிமிஷம் ஏ.சி.யை ஓட்டவேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

போன கியாஸ், வந்த கியாஸ்

அந்தக் கால கார்களில் இருந்தது "ஆர்-12" என்ற கியாஸ். அதில் குளோரின் இருக்கிறது. இது வானத்தில் உள்ள ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ம் ஆண்டு மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். இருவரும் 1995-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள். 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 1992-ல் சேர்ந்தது. அமெரிக்காவில் 1995-ம் ஆண்டு முடிவோடு ஆர்-12 தயாரிப்பு நின்றது. வளரும் நாடுகளுக்கு 2010-ம் ஆண்டு தொடக்கம் கெடுவாக இருந்தது.

அதற்குப் பதிலாக வந்தது "ஆர்-134ஏ". இது ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 1,400 மடங்கு வலுவுள்ளது. ஆகவே, இதையும் காற்றில் திறந்துவிடக்கூடாது.

எண்ணெயும் மாறவேண்டும்

பழைய காரில் புதிய கியாசை அப்படியே ஏற்றுவதுதான் பெரிய தவறு. கம்ப்ரசருக்கு உயிர், எண்ணெய். அந்த எண்ணெய் கியாசோடு கலந்து சுற்றிவந்தால்தான் கம்ப்ரசருக்குத் திரும்பும். ஆர்-12 காரில் இருந்தது மினரல் ஆயில். அது 134ஏ கியாசோடு கலக்காது. வழியிலேயே தங்கிவிடும். கம்ப்ரசர் வறண்டு, தேய்ந்து, சிக்கிவிடும். "எஸ்டர்" அல்லது "பேக்" வகை எண்ணெய்க்கு மாற்றியே ஆகவேண்டும்.

ஹோஸ்களை, உள்ளே நைலான் படலம் கொண்ட "பேரியர்" வகையாக மாற்றினால் கசிவு குறையும். புதிய கியாஸ் கண்டன்சரில் அதிக அழுத்தம் காட்டும் என்பதால், நல்ல கண்டன்சரும், ஓடும் விசிறியும் அவசியம். கியாசையும் பழைய எடைக்கு ஏற்றக்கூடாது. பழைய எடையில் ஏறத்தாழ 80 முதல் 90 சதவீதம் போதும்.

பிரித்த ஒவ்வொரு மூட்டிலும் புது ஓ-ரிங், எண்ணெய் தடவிப் போடவேண்டும். அலுமினியக் குழாயின் நட்டைத் திருப்பும்போது இரண்டு ஸ்பேனர் பிடிக்கவேண்டும். ஒன்றால் திருகினால் குழாயே முறுக்கிக்கொள்ளும்.

சின்ன டப்பா, பெரிய வேலை

எல்லாவற்றிலும் மலிவான பாகங்களில் ஒன்று டிரையர். அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. பாகங்களைப் பிரித்ததும் வெளிக் காற்றின் ஈரம் உள்ளே நுழையும். சொட்டு ஈரம் போதும். எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும். கியாசோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பழைய டிரையர் ஏற்கனவே ஈரம் குடித்து நிரம்பியிருக்கும். புது கம்ப்ரசரை மாட்டிவிட்டு, டிரையரில் மிச்சம் பிடிப்பது ஆபத்து.

அடுத்தது "வேக்கும்" பம்பு. உள்ளே இருக்கும் காற்றை முழுவதும் இழுத்துவிட்டால், சாதாரண வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியேறும். இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பிறகு வால்வை மூடி, மீட்டர் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். அவசரப்படும் இடங்களில் முதலில் கைவிடப்படுவது இந்த ஒரு மணி நேரம்தான்.

கம்ப்ரசர் உடைந்த காராக இருந்தால், உலோகத் தூள் எல்லா இடத்திலும் பரவியிருக்கும். ஹோஸ்களையும் கூலிங் காயிலையும் கழுவி, டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றிய பிறகே புதியதை மாட்டவேண்டும். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

உயிருக்கு எச்சரிக்கை

இந்த வேலை செய்யும் தொழிலாளர்கள் கவனிக்கவேண்டியது:

திரவமாகப் பீறிடும் கியாஸ் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மூட்டைத் திறக்கக்கூடாது.

கியாஸ் உள்ள குழாயில் வெல்டிங் வைக்கக்கூடாது. தீயில் பட்ட ஆர்-12 விஷ வாயுக்களாக மாறும்.

கசிவு பார்க்க நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவினால் போதும். ஆக்சிஜன் சிலிண்டரை இணைக்கவே கூடாது. எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

மலிவு என்று சமையல் கியாசை ஏற்றக்கூடாது. அது கசிந்தால் மூடிய காருக்குள் ஒரு தீப்பொறி போதும்.

காரின் சொந்தக்காரர் "கியாஸ் மட்டும் போடு" என்று அவசரப்படுத்தினால், கசிவு எங்கே என்று முதலில் காட்டுவது நல்லது. கசிவு, டிரையர், எண்ணெய், வேக்கும், கியாசின் எடை ஆகிய ஐந்தையும் பில்லில் தனித்தனியாக எழுதிக் கொடுக்கவேண்டும். என்ன வேலை நடந்தது என்பது சொந்தக்காரருக்குத் தெரியும். அடுத்த கோடையில் குளிர் குறைந்தாலும் வேலை செய்தவர் மீது வீண் பழி வராது.