பிரேக்கரைப் பிரித்துப் படித்தல்

கிணறு வெட்டும் இடத்திலும் பழைய கட்டடம் இடிக்கும் இடத்திலும் பொக்லைன் வண்டியின் கை நுனியில் நின்று பாறையையும் கான்கிரீட்டையும் குத்தும் பிரேக்கரை நாம் பார்த்திருக்கிறோம். பார்ப்பதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். வண்டியின் ஹைட்ராலிக் ஆயிலாலேயே அடிக்கும் இந்தக் கருவிகளின் முன்னோடியான எச்எம் 400ஐ ஜெர்மனியின் குருப் நிறுவனம் 1967இல் அறிமுகப்படுத்தியது.

உள்ளே ஒரு சிலிண்டர், அதில் ஏறி இறங்கும் பிஸ்டன், ஆயிலைத் திசைமாற்றும் வால்வு, பிஸ்டனின் தலைக்கு மேல் அடைத்து வைத்த நைட்ரஜன், அடியில் உளி. ஆயில் பிஸ்டனை மேலே தள்ளும்போது நைட்ரஜன் நெருக்குண்டு கிடக்கும். வால்வு மாறியதும் அந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே எறியும். பெரிய பிரேக்கரில் இது நிமிடத்துக்குச் சில நூறு முறை. சிறியவற்றில் ஆயிரத்தையும் தாண்டும்.

அடி விழுந்ததும் உளிக்குள் அழுத்த அலை ஒன்று நொடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. முனை பாறையில் ஊன்றியிருந்தால் அதன் பெரும்பகுதி பாறைக்குள் இறங்கிவிடும். முனைக்கு அடியில் ஒன்றுமில்லாமல் அடித்தால் அலை திரும்பி வரும். உளியும் கீழே பாய்ந்து தன்னைப் பிடித்திருக்கும் பின்னில் மோதும். அந்த அதிர்ச்சி முழுவதையும் பின்னும், பிரேக்கரை மேலிருந்து கீழ்வரை இறுக்கியிருக்கும் நான்கு நீண்ட போல்ட்டுகளும் வாங்குகின்றன. போல்ட் அறுந்து வரும் பிரேக்கர்களில் பலவற்றின் கதை இந்த வெற்றடிதான்.

காரணம் தெரியாமல், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் கிட்டை மட்டும் மாற்றிய பிரேக்கர் சீக்கிரமே மறுபடி பட்டறைக்கு வந்து நிற்கும். ஆகவே நல்ல மெக்கானிக் பிரிக்கும் முன்பே கேட்கவும் பார்க்கவும் தொடங்குகிறார். உளியோரம் ஆயில் வழிகிறதா? சீல் போயிருக்கும். ஹோஸ் பாம்பாகத் துள்ளுகிறதா? ஆயிலின் அழுத்தத் துடிப்பை அடக்கும் அக்குமுலேட்டரின் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம். அடி மந்தமென்றால் தலையில் நைட்ரஜன் குறைந்திருக்கலாம். வாயுவை அளவுக்கு மேல் ஏற்றினாலும் பிஸ்டன் ஏற முடியாமல் நின்றுவிடும். கூடுதல் கேஸ், கூடுதல் அடி என்று நினைப்பவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: நைட்ரஜன் இல்லையென்று ஆக்சிஜன் ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. அழுத்தமேறிய ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். வாயுவை முழுவதும் இறக்காமல் ஒரு போல்ட்டையும் தொடக் கூடாது.

பிரித்துக் கழுவி வைத்தபின் என் கண் போவது பிஸ்டனின் அடிமுகத்துக்கு. வட்டம் முழுவதும் சமமாகத் தேய்ந்திருந்தால் வண்டி ஓட்டியவர் நேராக ஊன்றி அடித்திருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் சில்லு பெயர்ந்திருந்தால் உளி சாய்ந்திருக்கிறது; அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது பிரேக்கரைக் கடப்பாரையாக்கிக் கல்லை நெம்பியிருப்பார். சாய்ந்த அடியால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் உரசும். இரண்டுக்கும் நடுவே இருப்பது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளிதான். மேலோட்டமான கீறலை எண்ணெய்க்கல்லால் தேய்த்து எடுக்கலாம். நகம் சிக்கும் கீறலை விட்டுவைத்தால் புது சீலையும் அறுத்துவிடும்.

புஷ் தேய்வதற்குப் பெரும்பாலும் கிரீஸ் போடாததே காரணம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அதுவும் உளியைத் தரையில் ஊன்றி, மேலே ஏறிய நிலையில். தொங்கும் உளிக்குக் கிரீஸ் அடித்தால் அது பிஸ்டனுக்கும் உளிக்கும் நடுவில் போய் நிறையும். அடுத்த அடியில் அந்தக் கிரீஸ் நசுங்கிச் சீலைப் பிதுக்கிவிடும். கிரீஸ் போட்டவரே சீலைக் கெடுத்ததாகிவிடும்.

எல்லாம் பூட்டி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கி, நைட்ரஜனை அந்த மாடலுக்குச் சொன்ன அளவுக்கு ஏற்றி, வண்டியைக் குறைந்த வேகத்தில் வைத்து அடித்துப் பார்க்க வேண்டும். உளியைச் சுற்றிக் கறுத்த கிரீஸ் மட்டும் பிதுங்கினால் சரி. ஆயில் பளபளத்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.