முடிச்சூரை மறைத்த மேகம்

2015-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, அடையாறு கரைபுரண்டு, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் அமிழ்ந்து கிடந்த வேளையில், பூமியைப் படம் பிடிப்பதற்கென்றே ஆகாயத்தில் சுற்றிவரும் காமிராக்களுக்கு அவ்விடம் புலப்படவில்லை. வெள்ளத்தைக் கொணர்ந்த மேகமே திரையாகவும் விரிந்திருந்தது.

1960-இல் அமெரிக்கர் ஏவிய டைராஸ் என்னும் செயற்கைக்கோள், மேகங்களைக் காண்பதற்கென்றே பிறந்ததாகையால், அதற்கு இந்தச் சங்கடம் இல்லை. 1972-இல் எழுந்த முதல் லாண்ட்சாட், 18 நாளுக்கு ஒருமுறை வந்து, ஏறக்குறைய 80 மீட்டர் சதுரத்தை ஒரே புள்ளியாகப் பதிந்தது. 1988-இல் ருஷ்ய ராக்கெட்டில் சென்ற நம் ஐ.ஆர்.எஸ்.-1ஏ அதனை 36 மீட்டராகவும், 1995-இல் ஐ.ஆர்.எஸ்.-1சி ஆறு மீட்டருக்கும் குறைவாகவும் சுருக்கின. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் குப்பை மேடும் கட்டடங்களும் எவ்வாறு விழுங்கின என்பதற்கு, வானம் தெளிந்த மாதங்களில் எடுத்த இத்தகைய படங்களே சாட்சி. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கூர்மையால் என்ன பிரயோஜனம்?

அந்தக் குறையைத் தீர்த்தது ரேடார். 2012-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ரிசாட்-1, சூரிய வெளிச்சத்தை எதிர்பாராமல், சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளைத் தானே சாய்வாக அனுப்பி, திரும்புவதைப் பதிந்தது. மேகத்தின் நுண்துளிகள் அவ்வலைகளுக்குத் தடையே அல்ல, இரவும் தடையல்ல. கரடுமுரடான நிலம் அலையின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்ப, சலனமற்ற நீர்ப்பரப்போ அதனை அப்பால் தள்ளிவிடுவதால், ஏரியும் மூழ்கிய வயலும் படத்தில் கறுத்துத் தோன்றும். நெருக்கமான தெருக்களில் மட்டும் விஷயம் தலைகீழாகிறது. தேங்கிய நீரில் பட்ட அலை எதிரிலுள்ள சுவரிலும் மோதி, மூலையில் எறிந்த பந்து எறிந்தவனிடமே வருவதுபோல் மீள்வதால், வெள்ளம் புகுந்த வீதி உலர்ந்த வீதியைக் காட்டிலும் பிரகாசிக்கக்கூடும். ஆகவே மழைக்கு முந்திய படத்தை அருகில் வைத்து ஒப்பிடத் தெரியாதவர், முடிச்சூர் தப்பிவிட்டதென்றே முடிவு கட்டுவார்! யந்திரத்தின் சக்தியைப் புகழ்வோர், படத்தை வாசிக்கும் நிபுணரின் சிரமத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

2025 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் கூட்டாக அனுப்பிய நிசார், 24 சென்டிமீட்டர் அலையையும் உபயோகிப்பதால், பள்ளிக்கரணைக் கோரைகளுக்கு அடியில் நிற்கும் நீரையும் கண்டறிய ஏற்றது. ஆயினும், அதே பாதையில் அது மீண்டும் வர 12 நாட்கள் ஆகின்றன. அடையாறு பெருகுவதற்கோ ஓர் இரவு போதும்.