பங்கும் பங்குச் சந்தையும்

'பங்கு' என்னும் சொல் செவியில் விழுந்ததும் நமக்குக் கோவிலும் மணியோசையும் நினைவுக்கு வருமேயன்றி, கம்பெனிப் பங்கு நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கையில் ஒரு தாளோடு நம் அறைவாயிலில் வந்து நின்றார். நம் பங்கின் மதுவிலக்குக் குழுவைப் பல்லாண்டுகளாக நடத்தி வருபவர். குடிக்குத் தம் தம்பியைப் பறிகொடுத்தவர். பணிக்கொடையில் ஒரு பகுதியை, முகவர் சொல்லை நம்பி, மியூச்சுவல் ஃபண்டு எனப்படும் பரஸ்பர நிதியில் போட்டிருந்தார். அந்நிதி எந்தெந்தக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருக்கிறது என்னும் பட்டியலே அத்தாள். அதில் மது தயாரிக்கும் கம்பெனி ஒன்றன் பெயரின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்.

"சுவாமி, தம்பியைக் குழியில் இறக்கிய கையால் இந்த இலாபத்தை எப்படி வாங்குவேன்?" என்றார்.

நம்மிடம் உடனடி விடை இருக்கவில்லை. குருமடத்தில் வட்டியைப் பற்றிப் படித்தோம். பரஸ்பர நிதியைப் பற்றிப் படிக்கவில்லை. பிறகு தேடிப் படித்தோம். பணத்தை இங்கே இடுவதா, அங்கே இடுவதா என்பது வெறும் கணக்கன்று, அறம் சார்ந்த முடிவு என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1991-ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலேயே கற்பித்திருக்கிறார். 2022-இல் திருப்பீடத்தின் சமூக அறிவியல் கழகம் கத்தோலிக்க முதலீட்டாளர்களுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தீயதை விலக்குவதோடு, பங்குதாரர் என்ற முறையில் கம்பெனியைக் கேள்வி கேட்கவும் அது தூண்டுகிறது. அமெரிக்காவில் கன்னியர் சபைகள் பல 1970-களிலிருந்து இதைச் செய்து வருகின்றன. சில பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய கம்பெனிகளின் பொதுக் கூட்டத்தில் எழுந்து நிற்கும் அந்த அருட்சகோதரிகளின் துணிவை நாம் வியக்கிறோம்.

நம் குடும்பங்கள் எங்கே தொடங்குவது? கைவசமுள்ள பங்குகளின் பட்டியலைப் பரஸ்பர நிதிகள் மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்பது விதி. முகவரிடம் அதைக் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் பணத்தைத் தராதீர்கள். 'நான் வாங்கியது இண்டெக்ஸ் ஃபண்டு, அதில் வம்பில்லை' என்று சிலர் நினைக்கலாம். நிஃப்டி 50 பட்டியலில் சிகரெட் கம்பெனியும் இருக்கிறது.

'ஈ.எஸ்.ஜி.' என்ற பெயரில் சுற்றுச்சூழலையும் சமூக நலனையும் கருதும் நிதிகள் உள்ளன. பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். செபி 2023-இல் இவற்றை ஆறு வகையாகப் பிரித்தது. அவற்றுள் ஒன்றே விலக்கும் வகை. எதை விலக்குகிறது என்பதையும் திட்ட ஆவணத்தில் பார்க்க வேண்டும். மது, புகையிலை, சூதாட்டம் ஆகியவற்றை ஒதுக்கும் நிதிகள் இஸ்லாமிய நெறிப்படியும் நம் நாட்டில் நடைபெறுகின்றன. வட்டித் தொழில் என்பதால் அவை வங்கிகளையும் ஒதுக்கும். அவர்களுடைய கட்டுப்பாட்டைக் கண்டு நாம் நாணவேண்டியதுதான்.

வங்கியில் இட்ட வைப்புத்தொகை யாருக்குக் கடனாய்ப் போகிறது என்று நம்மால் தொடர்ந்து பார்க்க இயலாது. முழுத் தூய்மையைத் தேடுபவன் பணத்தைப் பானையில் புதைக்க வேண்டியதுதான். அப்படிப் புதைத்த ஊழியனுக்கு நேர்ந்ததை நற்செய்தியில் அறிவோம். மகளின் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ வைத்த பணத்தைப் பங்குச் சந்தைக்கே கொண்டுபோகாதீர்கள். கோவில் வாசலில் வந்து மாதம் இரண்டு, மூன்று விழுக்காடு தருவதாகச் சொல்பவர் செபமாலை அணிந்திருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

ஆசிரியர் அவசரப்படவில்லை. வெளியேறும் கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று விசாரித்த பின், மதுவையும் புகையிலையையும் விலக்கும் வேறொரு நிதிக்குப் பாதித் தொகையை மாற்றினார். மீதியை அஞ்சலகத்தில் இட்டார். சென்ற மாதம் மீண்டும் வந்தவர், "சுவாமி, நம் கோவில் கட்டட நிதி எங்கே கிடக்கிறது?" என்று கேட்டார். பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்துக்கு இரசீதுகளை எடுத்துவரும்படி பொருளாளரிடம் சொல்லியிருக்கிறோம்.