அம்மம்மாவின் விரல்களும் ஒரு வைத்தியரும்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இடியப்பம் இரவுக்குத்தான். காலையில் அம்மம்மாவால் உரலைப் பிடிக்க முடியாது. விரல் மொளிகள் வீங்கிச் சுடும். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் தூக்குவார். பத்து மணிக்குப் பிறகே கை வசப்படும்.

இது மூட்டுத் தேய்வு இல்லை, முடக்குவாதம். இளம் வயதினருக்கும் வரும்.

முட்டை வெண்கருவை இரண்டு விரல்களுக்கு நடுவில் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். எப்படி வழுக்குகிறது! நம் மூட்டுக்குள்ளும் அப்படியொரு நீர் இருக்கிறது. அதைச் சுரப்பது ஒரு மெல்லிய சவ்வு. கிருமிகளோடு போராட வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, ஆள் தெரியாமல் அந்தச் சவ்வையே தாக்கினால் முடக்குவாதம். சவ்வு தடித்து, கசியிழையத்தையும் என்பையும் அரிக்கும்.

இந்த நோயை ஆராய்ந்த வைத்தியர் ரவீந்தர் மைனி 1937இல் லுதியானாவில் பிறந்தார். வளர்ந்தது உகண்டாவில், மூட்டுவாத நிபுணரானது இங்கிலாந்தில். லண்டனில் அவரும் நிர்ப்பீடன ஆய்வாளர் மார்க் ஃபெல்ட்மனும், நோயாளரின் மூட்டுச் சவ்வை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். கலங்களை உசுப்பிவிடும் தூதுப் புரதங்கள் அதில் ஏராளம். ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று அந்த வேலையைச் செய்துவிடும் என்றே பலர் எண்ணினார்கள்.

உங்கள் வகுப்பில் ஒருவன் கத்தத் தொடங்க, எல்லோரும் கத்துவீர்கள்தானே? அவனை அமர்த்தினால் மற்றவர்களும் அடங்குவார்கள். டீஎன்எஃப் என்ற புரதம் அப்படிப்பட்டது. ஒரு பிறபொருளெதிரியால் அதை மட்டும் மறித்தபோது மற்றத் தூதுப் புரதங்களும் குறைந்தன. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

1992இல் சாரிங் குரொஸ் வைத்தியசாலையில், வேறு மருந்துகளுக்கு மசியாத நோயுடைய 20 பேருக்கு அந்தப் பிறபொருளெதிரியை நாளத்தில் ஏற்றினார்கள். வீக்கமும் காலை விறைப்பும் இறங்கின. 2003இல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. இவ்வகை மருந்துகள் இன்று சொரியாசிஸ், குரோன் குடல்நோய் ஆகியவற்றுக்கும் பயன்படுகின்றன.

ஆனால் விரல் நோவுக்கு இந்த மருந்தை ஊசியாகப் போடுமுன் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பது ஏன்? உடம்புக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியைக் கட்டிப்போட்டு வைப்பதிலும் டீஎன்எஃப்புக்குப் பங்குண்டு. அதை மறித்தால் காசநோய் விழித்துக்கொள்ளலாம்.

அம்மம்மாவுக்கு இந்த ஊசி இன்னும் தேவைப்படவில்லை. வாரத்தில் ஒரே ஒரு நாள் மெதோட்ரெக்சேட் குளிசை. தவறி நாள்தோறும் போட்டால் பேராபத்து. அதனால் கலண்டரில் செவ்வாய்க்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டமிடுவது என் மகளின் பொறுப்பு.