மாநாட்டுக்குப் போன ஆர்க்கிடெக்ட், பூங்காவுல என்ன பண்றார்?

ஆர்க்கிடெக்ட் மாநாடுன்னா நாள் முழுக்க ஏசி ஹால், பிபிடி, காபி... அவ்வளவுதானா? இல்லை. அமெரிக்க ஆர்க்கிடெக்ட்கள் சங்கமான ஏஐஏ-வின் மாநாட்டில், வழிகாட்டியோடு ஊர் சுற்றுவதும் ஒரு வகுப்புதான். உறுப்பினர்கள் ஆண்டுக்கு 18 கற்றல் புள்ளிகள் எடுத்தாக வேண்டும். இந்தச் சுற்றுலாக்களும் அந்தக் கணக்கில் சேரும்.

ஹாலில் சொல்லித்தர முடியாத எதை நேரில் பார்க்கிறார்கள்?

2022-ல் மாநாடு நடந்த சிகாகோவையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள மில்லேனியம் பார்க் 2004-ல் திறக்கப்பட்டது, 24.5 ஏக்கர். புல், பூ, மரம்னு பார்க்க சாதாரண பூங்கா மாதிரிதான் இருக்கும். ஆனா, நாம நிக்கிறது தரையில இல்ல, கூரை மேல! கீழே கார் பார்க்கிங், ரயில் தண்டவாளம்.

ஈர மண் செம கனம். அதனால, மேடு வேண்டிய இடங்களில் தெர்மாகோல் வகை ஃபோம் கட்டைகளை அடுக்கி, அதன்மேல் மண்ணைப் போட்டார்கள்.

போட்டோவில் தெரிவது பச்சை மட்டும்தான். நேரில் நின்றால்தான் அடுத்த கேள்வி வரும்: கூரை கசிஞ்சா, இந்தத் தோட்டத்தைத் தோண்டுறது யாரு? செலவு யாரோடது?

டிசைன் போடும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. புள்ளியைவிட அதுதான் முக்கியம்.