கணினிக் கோப்பு திறக்க மறுத்தால்

மரத்தில் இறக்கிய பாலைக் கொட்டகையில் நிறுத்து, கிராணியார் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் அன்றைய உழைப்புக்குக் கணக்கு உண்டு. அந்தப் புத்தகம் தொலைந்தால் போன பாலை மறுபடி நிறுக்க முடியாது. மழையும் வெயிலும் அப்படித்தான். நேற்றுப் பெய்த மழையை இன்று அளக்க இயலாது. நேற்று எழுதி வைத்த கணக்குத்தான் மிச்சம்.

இக்காலத்தில் அத்தகைய கணக்குகள் கணினிக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. சுங்கை ரம்பாய், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரங்களில் கணினி படிக்கும் நம் பிள்ளைகளும் ஒரு நாள் இவற்றைக் கையாள நேரலாம். அப்படி ஒரு கோப்பு திறக்க மறுத்தால் என்ன செய்வது என்பதை இன்று காண்போம்.

அறிவியல் கணக்குகளுக்கென்றே உள்ள கோப்பு வகைகளில் ஒன்று எச்.டி.எஃப்.5. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1987இல் தொடங்கிய முயற்சியின் ஐந்தாம் வடிவம் இது, 1998இல் வெளிவந்தது. 2016 செப்டம்பர் 8ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய இன்சாட்-3டிஆர் வானிலைத் துணைக்கோளின் படங்கள் இவ்வகைக் கோப்புகளாகவே வழங்கப்பட்டு வந்துள்ளன. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது காணும் வட்டத்துக்குள் நம் தீபகற்பத்து மேகங்களும் அடங்கும்.

இந்தக் கோப்பை நேரே படிக்க முடியாது. இதைப் படிக்கவும் எழுதவும் தெரிந்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு ஒன்று உண்டு. அதை நிரல் நூலகம் என்பார்கள். கிராணியாரின் எழுத்தை அறிந்த உதவியாளர் போன்றது அது. கோப்பு திறக்கவில்லை என்றால் கோளாறு கோப்பிலும் இருக்கலாம், உதவியாளரிடமும் இருக்கலாம். இதைப் பிரித்தறிவதுதான் முக்கியம்.

முதல் வேலை, கோப்பைப் படி எடுத்து வைப்பது. எந்தச் சோதனையையும் படியில்தான் செய்ய வேண்டும்; மூலத்தைத் தொடக்கூடாது. பிறகு, நூலகம் அச்சிடும் பிழைச் செய்தியை முழுவதும் படிக்க வேண்டும். செய்தி நீளமாக இருக்கிறதே என்று பலர் முதல் வரியோடு விட்டுவிடுகிறார்கள். உண்மைக் காரணம் பெரும்பாலும் நடுவிலோ கடைசியிலோ இருக்கும்.

அடுத்து கோப்பின் அளவைப் பாருங்கள். தன் முடிவு எங்கே என்பதைக் கோப்பு தன் தொடக்கத்திலேயே குறித்து வைத்திருக்கும். இருக்கும் அளவு அதைவிடக் குறைவு என்றால், இறக்கும்போது பாதியில் அறுந்திருக்கிறது என்று பொருள். மறுபடி இறக்கினால் சரியாகிவிடும்.

அளவு சரியென்றால் முதல் எட்டு பைட்டுகளைப் பாருங்கள். அவை கோப்பின் முத்திரை. முதல் பைட்டு 137 என்ற எண். அடுத்து எச், டி, எஃப் என்ற மூன்று எழுத்துகள். பின்னர் வரி முடிவைக் காட்டும் குறிகள். இந்தக் குறிகளை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பு என்று எண்ணி அனுப்பினால், சில மென்பொருள்கள் வரி முடிவுகளை மாற்றிவிடும். முத்திரை சிதைந்திருந்தால், உள்ளே உள்ள எண்களும் சிதைந்திருக்கலாம். மூலத்திலிருந்து, மாற்றம் செய்யாத முறையில் மீண்டும் பெறுவதே வழி.

முத்திரையும் சரி, இருந்தும் திறக்கவில்லையா? வேறொரு நிரல் அதே கோப்பில் எழுதிக்கொண்டிருக்கலாம். அதுவரை நூலகம் மற்றவர்களுக்குப் பூட்டு போட்டு வைக்கும். எழுதும்போது மின்சாரம் போயிருந்தால், திறந்திருக்கிறது என்ற அடையாளம் அழியாமல் நின்றிருக்கலாம். அதை நீக்க எச்5கிளியர் என்ற கருவி உண்டு. அதையும் படியில்தான் பயன்படுத்த வேண்டும்.

கோப்பு திறந்து, உள்ளே உள்ள எண்கள் மட்டும் வரவில்லை என்றால், அவை சுருக்கி வைக்கப்பட்டிருக்கலாம். விரிக்கும் துணை நிரல் உங்கள் கணினியில் இல்லாதிருக்கலாம். கோப்பு புதியது, நூலகம் பழையது என்றாலும் இத்தகைய தடை வரும். இங்கெல்லாம் கோப்பின் மீது குற்றமில்லை. உதவியாளரைத்தான் மாற்ற வேண்டும்.

நேயர்களே, திறக்காத கோப்பைவிட ஆபத்தானது, ஒழுங்காகத் திறந்து தவறான விடை தரும் கோப்பு. அளவு எடுக்காத நாளுக்குச் சிலர் -999 என்று எழுதி வைப்பதுண்டு. ஓராண்டில் 364 நாள் வெப்பம் 27 பாகை, ஒரு நாள் அளவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த -999ஐயும் வெப்பமென்று கூட்டி 365ஆல் வகுத்தால், சராசரி 24.2 என்று வரும். பார்ப்பவர்க்குச் சந்தேகமே எழாது! ஒரே நாளின் வெற்றிடம் ஓராண்டுக் கணக்கையே பொய்யாக்கிவிட்டது.

ஆகவே, கணக்குப் போடுமுன் எச்5டம்ப் என்ற கருவியால் கோப்பின் உள்குறிப்புகளைப் படியுங்கள். விடுபட்ட நாளுக்கு என்ன குறி, அலகு என்ன, எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்பவை அங்கே இருக்கும். எடை ராத்தலா கிலோவா என்று கேட்காமல் எவராவது சம்பளம் பேசுவார்களா?

திறக்காத கோப்பை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். யாரோ ஒருவர் வெயிலிலும் மழையிலும் நின்று எடுத்த அளவு அதில் இருக்கிறது. உழைத்தவர் கணக்கு ஏட்டில் நிற்க வேண்டும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?